ஆறடித் தூளிக் கயிறு, பன்னிரண்டு பலூன், ஒரு ராப் பாட்டு

என் ராப் பாட்டு வெளியாகி மூன்று வாரம் ஆகிறது. நீளம் மூன்று நிமிடம் மூன்று விநாடி. அதற்கு ஐந்து மாதமும் 16,600 ரூபாயும் போயின. பகலில் காரைக்குடியில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் இருக்கிறேன். ஆகவே எல்லாம் ராத்திரிகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடந்தவை. பாட்டு நன்றாக இருக்கிறதா என்பதைக் கேட்கிறவர்கள் சொல்லட்டும். எங்கெங்கே கோட்டை விட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். அது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் இடம். பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவே எங்கள் ஊர். எங்களுடையது ஓட்டு வீடு. எதிரே ஒரு செட்டியார் வீடு, முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். இருபத்தாறு வருடமாக என் அப்பாதான் அதற்குக் காவல். ஏழு பங்காளிகள், ஏழு ஊர்களில். படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) கல்யாணத்துக்கும் வந்து கூடுவார்கள், மற்ற நாளெல்லாம் வௌவாலும் அப்பாவும்தான். அப்பத்தா அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளைத் தூளியில் ஆட்டி வளர்த்தது. ஆச்சி வீட்டுப் பிள்ளைக்குப் பகலில் பாடிய தாலாட்டையே ராத்திரி வந்து என் அப்பாவுக்கும் பாடியதாம். "கப்பலேறிப் போன ஐயா காசு கொண்டு வருவாரோ" என்று அதில் ஒரு வரி வரும். எங்கள் குடும்பத்தில் யாரும் கப்பல் ஏறியதில்லை. அந்த வரியைக் கேட்ட அன்றைக்குத்தான் எதைப் பற்றிப் பாட்டு என்பது முடிவானது.

எழுத்து

முதல் வரைவைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மலேசியாவிலிருந்து யோகி பி வழியாகத் தமிழ் ராப் இங்கே பரவிய காலத்தில் நான் பள்ளிக்கூடப் பையன். அன்றிலிருந்து கேட்ட எல்லோருடைய தோரணையையும் கலந்து, சங்கிலி, கார், சிங்கம் என்று பதினாறு பார் (நாலு தட்டுக்கு ஒரு பார்) எழுதியிருந்தேன். என்னிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸெல்.

இரண்டாவது வரைவு முழுக்கக் கோபம், வீட்டுக்காரர்களைத் திட்டியே எழுதியது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாவிக் கொத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மாதச் சம்பளம் வாங்குகிறவர் அவர், நானில்லை. எட்டு பாரை வெட்டினேன். மிஞ்சியதில் ஒரு வரி மட்டும் நின்றது: "சாவி எங்க கையில, பட்டா அவுக பையில." அதுவே ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வரும் வரி, ஆனது.

எழுதும்போது கற்றது ஒன்று உண்டு. ராப் என்றால் வரியின் கடைசி ஒத்து ஒலிக்க வேண்டும் என்றே நினைத்திருந்தேன், நம் ஆட்கள் இயைபு என்று சொல்வது. முதல் பதினாறு பாரையும் அப்படியே எழுதினேன், பாடிப் பார்த்தால் விளம்பரப் பாட்டு மாதிரி இருந்தது. தமிழ்க் காது வரியின் தலையிலும் ஒப்பைத் தேடுகிறது போல. கிக் (கனமான டிரம் அடி) விழும் இடத்தில் மோனை, அடுத்த வரியின் அதே இடத்தில் எதுகை, இயைபு எப்போதாவது ஸ்னேரில் (சுள்ளென்ற டிரம் அடி), இப்படி மாற்றிய பிறகுதான் வாய் தானாக ஓடியது. பிரிண்ட் எடுத்து, கிக் விழும் எழுத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். இரண்டு ரூபாய் ஜெராக்ஸ் செலவில் இவ்வளவு உருப்படியான வேலை வேறு எதுவும் நடக்கவில்லை.

தூளி

பீட்டை முதலில் 94 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 94 தட்டு வேகத்தில், போட்டேன். ஏன் 94 என்றால் காரணம் இல்லை, கை அங்கே நின்றது. அப்பத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்து, போனில் தாலாட்டைப் பதிந்து, அதைப் பீட்டின் மேல் வைத்தேன். சேரவே இல்லை. ஒரு வரி 70இல் நடக்கிறது, அடுத்த வரி 95க்கு ஓடுகிறது, "ஆராரோ" வந்தால் நினைத்த இடத்தில் நிற்கிறது.

சரி, இழுத்து ஒட்டிவிடலாம் என்று ரீப்பரில் (பாட்டைப் பதிந்து வெட்டி ஒட்டும் மென்பொருள்) உட்கார்ந்தேன். ஒவ்வோர் அசைக்கும் ஒரு ஸ்ட்ரெச் மார்க்கர், சத்தத்தை எங்கே இழுக்க வேண்டும் என்று காட்டும் குறி, மொத்தம் அறுபத்தொன்று. இரண்டு ராத்திரி. கட்டத்துக்குள் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, ஆனால் குரல் கேசட்டில் நாடா சிக்கினாற்போல ஆடியது. அப்பத்தாவுக்கே போட்டுக் காட்டினேன். "இது யாரு, ஒடம்பு சரியில்லாதவ?" என்று கேட்டது.

அடுத்து மெட்ரோனோம். இயர்போனை ஒரு காதில் மாட்டி, டிக் டிக் சத்தத்துக்குப் பாடச் சொன்னேன். "காதுக்குள்ள பல்லி கத்துதுடா" என்று கழற்றிப் போட்டது. அப்புறம் அதுவே சொன்னது: "கை சும்மா கெடந்தா தாலாட்டு எப்படி வரும்? தூளியக் கட்டு."

எங்கள் வீட்டு விட்டத்தில் இரும்புக் கொக்கி இன்னும் இருக்கிறது. பழைய நூல் சேலையைக் கட்டினேன். வெறும் தூளியை ஆட்டக் கூடாது என்று அப்பத்தா அம்மிக் குழவியைத் துண்டில் சுற்றி உள்ளே கிடத்தியது. ஆட்டிக்கொண்டே பாடியபோது வரி ஒவ்வொன்றும் தூளி போய்த் திரும்பும் நேரத்துக்குள் வந்து உட்கார்ந்தது. மார்க்கர் வேண்டாம், டிக் டிக் வேண்டாம்.

போனில் ஸ்டாப்வாட்சை வைத்து அளந்தேன். பத்து ஆட்டத்துக்கு 24.6 விநாடி. ஓர் ஆட்டம் போய்வருவதை ஒரு பார் என்று வைத்தால் 97 பிபிஎம் தாண்டுகிறது. என் வரிகளுக்கு அது வேகம், மூச்சு வாங்குகிறது. கொஞ்சம் மெதுவாக்க என்ன செய்வது? பாரம் ஏற்றினால் மெதுவாகும் என்று நினைத்து ஐந்து கிலோ அரிசியைக் குழவிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுபடி அளந்தால் அதே 24.6. இன்னொரு ஐந்து கிலோ. அதே. ஸ்டாப்வாட்ச் கெட்டுவிட்டது என்று போனை மாற்றிக்கூடப் பார்த்தேன், சர்வீஸ் கடைக்காரன் புத்தி. பதினொன்றாம் வகுப்பில் ஊசல் பாடம் படித்து மார்க்கும் வாங்கியவன் நான். தூளிக்கு மூட்டையும் குழவியும் ஒன்றுதான், கயிற்றின் நீளம் மட்டுமே கணக்கு என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. அப்பத்தாவுக்கு அது தெரிந்திருந்தது: "கொஞ்சம் எறக்கிக் கட்டு, தானா நெதானம் வரும்."

கொக்கியிலிருந்து குழவியின் நடு வரை முதலில் டேப்பில் ஐந்தடி. ஓர் அடி இறக்கி, ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவாகக் கட்டினேன். பத்து ஆட்டம் 27 விநாடி. ஓர் ஆட்டம் 2.7 விநாடி, நான்கு பீட், 89 பிபிஎம். பீட்டை 89க்கு இறக்கினேன். 68 பார், 183 விநாடி. பாட்டின் நீளம் இப்படித்தான் முடிவானது.

இதில் ஒரு வருத்தம் பாக்கி. முதல் நாள் கொக்கி கிறீச் கிறீச் என்று கத்தியது. பதிவில் தொந்தரவு என்று தேங்காயெண்ணெய் விட்டேன், சத்தம் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து ஹை-ஹாட்டுக்கு (டிரம் செட்டில் சின்ன ஜால்ரா மாதிரி வரும் சத்தம்) ஏற்றதைத் தேடும்போதுதான் அந்தக் கிறீச்சைவிட நல்ல சத்தம் கிடையாது என்று புரிந்தது. எண்ணெயைத் துடைத்துப் பார்த்தேன், திரும்பி வரவில்லை. கையில் இருந்தது முதல் நாள் பதிவில் அப்பத்தா இருமிக்கொண்டிருந்தபோது விழுந்த ஏழு கிறீச். அந்த ஏழையும் வெட்டி, சுற்றிச் சுற்றி ஓடவிட்டேன். ஹிப் ஹாப்பே இப்படிப் பிறந்ததுதானே. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் பிராங்க்ஸில் தங்கையின் பார்ட்டியில் கூல் ஹெர்க் செய்ததும் இதுதான்: ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரில் வைத்து, ஆடுகிறவர்களுக்குப் பிடித்த டிரம் துண்டை மட்டும் மாற்றி மாற்றி நீட்டியது. எனக்குக் கிடைத்த துண்டு கொஞ்சம் சின்னது.

மற்ற தாளமெல்லாம் எதிர்வீட்டுச் சத்தம். கிக் என்பது உரலில் உலக்கை. வெறும் உலக்கை போன் ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது, ஹெட்போனில் தொண்டை வறண்ட மாதிரி இருந்தது. அடியில் 52 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றைச் சேர்த்தேன். ஸ்னேர் தலைவாசல் தாழ்ப்பாள், பர்மா தேக்கில் இரும்பு இடிக்கும் சத்தம். ஷேக்கருக்குச் சுளகில் அரிசி. வெண்கல அண்டாவை உள்ளங்கையால் அடித்தால் நல்ல டாம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கோயில் மணி மாதிரி நான்கு விநாடி ஒலித்துக்கொண்டே இருந்தது, உள்ளே ஈரத் துண்டு போட்ட பிறகுதான் அடங்கியது.

பேஸ் மட்டும் தகராறு செய்தது. அப்பத்தாவின் சுருதி நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவே. குரலை ஆட்டோட்யூனில் போட்டு நாலுக்கு இறக்கினால் ஆள் மாறிவிடுகிறது. கடைசியில் குரலைத் தொடாமல் பேஸை 35 சென்ட் (அரைக் கட்டையில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏற்றி அதனிடம் கொண்டுபோனேன். யார் யாருக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதில் எனக்கு அதற்குள் புத்தி வந்திருந்தது.

குரல்

எதிர்வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்துக் கட்டில், நின்று பாட வேண்டும் என்பது என் ஆசை. நான்கு பக்கமும் தூண் வைத்த பத்தி, கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. கண்ணாடி போலிருக்கும் அந்தச் சுவரில் சத்தமும் கண்ணாடியில் பட்டது போலத் திரும்பும். ஒரு கை தட்டினால் அடங்க இரண்டு விநாடி ஆகிறது. ஆனால் நேரில் கேட்கும்போது உடம்பு சிலிர்த்தது. ஒரு ஞாயிறு முழுக்க அங்கேயே பதிந்தேன்.

வீட்டுக்கு வந்து பீட்டோடு வைத்தால் ஒரு வார்த்தை விளங்கவில்லை. "பட்டா" என்பது "பட்டாட்டாட்டா" என்று போகிறது. தாலாட்டுக்கு எதிரொலி அழகு, ராப்புக்கு விஷம். பதிவோடு கலந்துவிட்ட எதிரொலியை எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியவில்லை. மூன்று செருகு நிரல்களைப் போட்டு எடுத்ததில் குரல் தகர டப்பாவுக்குள் போனதுதான் மிச்சம். ஞாயிறு வீண்.

வளவைச் சுற்றி ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அறை உண்டு. அதில் ஒன்றில் கல்யாணத்துக்கு விரிக்கும் ஜமுக்காளங்களும் இலவம்பஞ்சு மெத்தைகளும் அடுக்கியிருக்கும். அப்பா திறந்துவிட்டார். நடுவில் ஓர் ஆள் நிற்க இடம். கை தட்டினால் சத்தம் செத்துவிடுகிறது, லட்சக்கணக்கில் செலவு செய்து ஸ்டூடியோவில் செய்வது இதைத்தான். மைக் பழையதாக வாங்கிய டைனமிக், வாயிலிருந்து நான்கு விரற்கடை, கொஞ்சம் சாய்த்து. ஆடியோ இன்டர்ஃபேஸும் பழையது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் பத்து டெசிபெல்லைத் தாண்டாமல். மைக் ஸ்டாண்டு கோயில் திருவிழாவுக்கு மைக்செட் போடும் நண்பனுடையது.

வேர்வைதான் பிரச்சினை. ஃபேன் போட்டால் சத்தம், போடாவிட்டால் வேகிறது. மூன்று டேக் பாடுவது, வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவுவது, மறுபடி உள்ளே. பதினொரு டேக்கில் ஏழாவதை எடுத்துக்கொண்டேன். எட்டுக்குப் பிறகு எல்லாமே பஞ்சுத் தும்மல்.

குரல் இப்போது தெளிவு, ஆனால் வீடு காணாமல் போய்விட்டது. ரீப்பரோடு வரும் ரிவெர்புகளில் (எதிரொலி சேர்க்கும் கருவிகள்) 'சர்ச்', 'ஹால்' என்றெல்லாம் இருந்தன. செட்டியார் வீடு இல்லை. இதற்குத்தான் பலூன். ஓர் இடத்தில் சட்டென்று ஒரு வெடிச்சத்தம் எழுப்பி, அது அடங்கும் வரை பதிந்து, அந்தக் கோப்பை ரீப்பரில் உள்ள ரியாவெர்ப் என்ற கருவியில் ஏற்றினால், எந்தக் குரலையும் அந்த இடத்தில் நின்று பாடியது போல ஆக்கித் தரும். பன்னிரண்டு பலூன், அறுபது ரூபாய்.

முதல் மூன்றும் மீட்டரை உடைத்துக்கொண்டு போயின. கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். நாலாவதில் வௌவால்கள் கிளம்பின. ஐந்தாவதில் கொல்லையில் மயில் அகவியது. ஆறாவது சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு ஐயா கம்போடு வந்து நின்றார். பெரிதாக ஊதினால் அடித்தொனி நிறைய வருகிறது, சின்னதாக ஊதினால் வெறும் 'டப்'. ஒன்பதாவது, தேங்காயைவிட இரண்டு மடங்கு ஊதியது, அதுதான் பாட்டில் இருக்கிறது. பாடுகிறவன் நிற்கும் இடத்தில் பலூன், கேட்கிறவன் நிற்கும் இடத்தில் மைக், நடுவே பதினைந்தடி. கோப்பின் முன்பகுதியில் இருந்த அமைதியை வெட்டி, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீக்கி, ஹூக்குக்கும் தாலாட்டுக்கும் மட்டும் கொடுத்தேன். ராப் வரிகள் காய்ந்தே இருக்கட்டும் என்று விட்டேன்.

மிக்ஸ் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. முதலில் மைனஸ் 9 லஃப்ஸுக்கு (பாட்டின் மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) ஏற்றி, நெஞ்சில் குத்துகிறது என்று சந்தோஷப்பட்டேன். யூடியூப் அதை மைனஸ் 14 அளவுக்குத் தானாகவே குறைத்துவிட்டது. நசுக்கியதுதான் மிச்சம். திரும்ப மைனஸ் 11இல் முடித்தேன், உச்சம் மைனஸ் 1. காரைக்குடி போகும் மினி பஸ்ஸில் ஓட்டுநர் அண்ணனிடம் கெஞ்சிப் போட்டுக் கேட்டதில் தாழ்ப்பாள் ஸ்னேர் எல்லாவற்றையும் மூடியது, மூன்று டெசிபெல் குறைத்தேன்.

படம்

அனுமதி முதலில். சென்னையில் இருக்கும் மூத்த பங்காளிக்கு அப்பா போன் போட்டு, பயந்து பயந்து சொன்னார். அவர் பாட்டை அனுப்பச் சொன்னார். எனக்கும் பயம்தான். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "என்னப்பா, பட்டா அவுக பையிலங்கிற? எம் பையிலயும் இல்ல, கோர்ட்டுல கெடக்கு. அதையும் சேத்துப் பாடு." சேர்த்துப் பாடினேன், மூன்றாவது பகுதியின் கடைசி வரி அவருடையது. நிபந்தனைகள்: செருப்பு கூடாது, சாமி வீட்டுக்குள் கேமரா கூடாது, ஆணி கூடாது, ஸ்டாண்டு வைத்தால் அடியில் துணி.

படம் பிடித்தவன் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பன். அவன் கேமரா முகூர்த்த நாளில் கிடைக்காது, முகூர்த்தம் இல்லாத நாளில் ரிப்பேர். ஆகவே என் போன், வாடகைக்கு ஒரு கிம்பல் (போன் ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி), இரண்டு எல்இடி பேனல். புரட்டாசியில் இரண்டு ஞாயிறு. ஆறு பேரில் நாலு பேர் விரதம், ஆகவே இரண்டு நாளும் சாம்பார் சாதம், தயிர் சாதம்.

முதல் நாள் சாயங்காலம் எடுத்தது முழுக்க வீண். பத்தியில் பழைய டியூப்லைட்டுகள் எரிந்தன. போன் தானாகவே 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 என்று எடுத்துவிட்டது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். லேப்டாப்பில் பார்த்தால் தூண்மேல் கறுப்புப் பட்டை மேலும் கீழும் ஊர்கிறது. போனின் சின்னத் திரையில் யாருக்கும் தெரியவில்லை. 47 துண்டும் குப்பை. மறு ஞாயிறு கையால் அமைக்கும் செயலி ஒன்றைப் போட்டு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டினேன். பட்டை போய்விட்டது.

பகல் வெளிச்சம் வேறு தகராறு. வளவு முற்றத்தில் உச்சி வெயில் நேரே இறங்குகிறது, நெற்றி வெள்ளை, கண்குழி கறுப்பு. முற்றம் 22க்கு 14 அடி, மேலே திருடனுக்கும் குரங்குக்கும் பயந்து போட்ட இரும்புக் கம்பி வலை. அதில் எட்டு முழ வேட்டி ஐந்தை விரித்துக் கட்டினோம். எட்டு முழம் பன்னிரண்டடி, அகலம் நாலடி சொச்சம், ஏறக்குறைய முற்றம் மூடிவிட்டது. வெயில் பால் மாதிரி இறங்கியது. ஆனால் கரை! பச்சைக் கரையின் நிழல் நேராக என் மூக்கின்மேல் ஒரு கோடு. கல்யாண வீடியோக்காரன்தான் முதலில் பார்த்தான். கரையைக் கரைமேல் ஏற்றி மடித்து, துணிக் கிளிப் போட்டு, நான் நிற்கும் இடத்துக்கு மேலே கரை வராதபடி நகர்த்தினோம். கரையில்லாத மல் துணி வாங்கியிருந்தால் அரை மணி நேரம் மிச்சம்.

நான் மிகவும் ஆசைப்பட்ட ஷாட் ஒன்று உண்டு. இந்த வீடுகளில் தலைவாசலில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று கதவுக்குள் கதவாகப் பின்வாசல் வரை ஒரே கோட்டில் தெரியும். மூன்றாங்கட்டு நிலையிலிருந்து கேமராவை நோக்கிப் பாடிக்கொண்டே நடந்து வர வேண்டும். டேப்பில் அளந்தால் நூறடி. ஸ்பீக்கரைக் கேமரா பக்கத்தில் வைத்துச் சத்தமாகப் போட்டோம். எடிட்டில் கேமராவில் பதிந்த சத்தத்தை வைத்துப் பாட்டோடு பொருத்தினால் நடையின் தொடக்கத்தில் உதடு பிந்துகிறது, பக்கத்தில் வர வரச் சரியாகிவிடுகிறது. நான்தான் தாளம் தப்பினேன் என்று நண்பன் சிரித்தான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்கு டேக்கிலும் ஒரே மாதிரி தப்புமா என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நூறடி தாண்டிச் சத்தம் என் காதுக்கு வரவே சுமார் 90 மில்லி விநாடி ஆகிறது. 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 40. ஆக இரண்டு ஃபிரேம் பிந்தித்தான் நான் பாடியிருக்கிறேன், கேமராவுக்கு அது தெரிந்துவிட்டது. துண்டை மூன்றாக வெட்டி, தூரத்தில் இரண்டு ஃபிரேம், நடுவில் ஒன்று, பக்கத்தில் சுழியம் என்று முன்னே நகர்த்தினேன். ஸ்பீக்கரைத் தூணுக்குப் பின்னால் என் பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

ஹூக்கில் கொஞ்சம் மிதப்பது போல வேண்டுமென்று பாட்டை வேகமாக ஓட்டி, அந்த வேகத்துக்கு வாயசைத்து, பிறகு மெதுவாக்கும் உத்தியைச் செய்தோம். 50 ஃபிரேமில் எடுத்தால் பாட்டு இரண்டு மடங்கு ஓட வேண்டும், 178 பிபிஎம், நாக்கு சுளுக்கிக்கொண்டது. 30இல் எடுத்து 25இல் ஓட்டினால் 1.2 மடங்கு போதும். ஷட்டர் அப்போதும் 1/50தான். வேட்டி நுனியும் நடையும் மட்டும் லேசாக மிதக்கின்றன, வாய் சரியாக இருக்கிறது. பார்த்தவர்கள் யாரும் ஏன் என்று சொல்ல முடியவில்லை, ஆனால் எல்லோருக்கும் அந்த இடம் பிடித்திருக்கிறது.

இரண்டாம் நாள் மூன்று மணிக்கு இடியோடு மழை. வேட்டிகளை அவசரமாக அவிழ்த்தோம். ஓட்டுச் சரிவிலிருந்து நான்கு பக்கமும் தண்ணீர் முற்றத்தில் கொட்டியது. விடாமல் எடுத்தோம். அந்தத் துண்டுகளில் மழைச் சத்தத்தைத் தவிர எதுவும் பதியவில்லை, ஆகவே சத்தத்தை வைத்துப் பொருத்த வழியில்லை. கண்ணால்தான் பொருத்த வேண்டும். ப, ம வரும்போது உதடு ஒட்டும். அந்த ஃபிரேமைப் பிடித்து, பாட்டின் அலைவடிவில் அதே ப, மவைத் தேடி ஒட்டினேன். "பட்டா", "பையில" இருந்த இடமெல்லாம் பத்து நிமிட வேலை. இரண்டாவது பகுதியில், 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் ரங்கூனை விட்டுக் கால்நடையாகத் திரும்பியவர்களைப் பற்றி நான்கு வரி வருகிறது. அதில் மூன்றாவது வரியில் தேடித் தேடிப் பார்த்தேன், உதடு ஒட்டும் எழுத்து ஒன்றுகூட இல்லை. புலவர்கள் முயன்று பாடும் நிரோட்டகம் எனக்குத் தெரியாமலே வந்து தொலைந்திருக்கிறது. அந்த வரிக்கு என் முகத்தை எடுத்துவிட்டு, தண்ணீர் விழும் கல்லைக் காட்டியிருக்கிறேன். அழகியல் முடிவு என்று பலர் பாராட்டினார்கள்.

இன்னொன்று. என் போன் ஃபிரேம்களைச் சீராக எடுப்பதில்லை, சில விநாடியில் 25, சில விநாடியில் 24 சொச்சம். மூன்று நிமிட டேக்கை எடிட் செய்யும் டாவின்சி ரிசால்வில் போட்டால் கடைசியில் அரை விநாடி விலகியிருந்தது. எல்லாத் துண்டையும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் மாறாத 25க்கு மாற்றிவிட்டுத் தொடங்கியிருக்க வேண்டும். நான் பாதி எடிட் முடித்த பிறகு மாற்றினேன். மூன்று ராத்திரி.

வெளியீட்டிலும் இரண்டு குட்டு வாங்கினேன். பின்னணியில் இலவசமாகக் கிடைத்த தம்புரா லூப் ஒன்றை வைத்திருந்தேன். ஏற்றிய மறுநாளே வேறு யாரோ அதே லூப்பைத் தன் பாட்டில் பதிவு செய்து வைத்திருப்பதாக உரிமைக் கோரிக்கை வந்தது. உலக்கை, தாழ்ப்பாள், பலூன் வரை சொந்தமாகச் செய்தவன் தம்புராவில் சோம்பேறித்தனப்பட்டேன். வீடியோவை இறக்கி, பஜனை மடத்து ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துப் பதிந்து, 35 சென்ட் ஏற்றி, மறுபடி ஏற்றினேன். அதற்குள் பார்த்திருந்த 1,300 பேர் கணக்கிலிருந்து போய்விட்டார்கள். ஸ்பாட்டிஃபை பட்டியல்களுக்கு ஏழு நாள் முன்னதாகவாவது பாட்டைச் சமர்ப்பிக்கச் சொல்கிறார்கள், நான் மூன்று நாள்தான் கொடுத்தேன். அதுவும் போச்சு.

கணக்கு

பழைய மைக் 4,200, பழைய இன்டர்ஃபேஸ் 5,500. பேனல் இரண்டு, இரண்டு நாளைக்கு 1,600. கிம்பல் 1,200. சாப்பாடு, டீ 2,150. பலூன் 60. கயிறு, கிளிப், நூல், ஜெராக்ஸ் 190. பெட்ரோல் 600. பாட்டை எல்லாத் தளங்களுக்கும் அனுப்பித் தரும் சேவைக்கு 1,100. லேப்டாப்பும் ரீப்பரும் ஏற்கெனவே இருந்தவை. வருமானம் இன்னும் டீச் செலவைத் தொடவில்லை.

அடுத்த முறை வரிகளை எழுதும்போதே இரண்டு வரிக்கு ஒரு ப, ம இருக்கிறதா என்று பார்ப்பேன். கொக்கிக்கு எண்ணெய் விடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் பதிவேன். முதல் டேக்கை அங்கேயே பெரிய திரையில் போட்டுப் பார்ப்பேன். வாடகைப் பணத்தில் மல் துணி பத்து மீட்டர் வாங்குவேன்.

ஏனென்றால் மழையில் அவசரமாக அவிழ்த்தபோது கம்பி வலையின் துரு ஐந்து வேட்டியிலும் ஏறிவிட்டது. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்ததில் நான்கு தப்பின. ஐந்தாவது சித்தப்பாவுடையது, கல்யாணத்துக்கு எடுத்தது, நட்டநடுவில் கட்டம் கட்டமாகப் பழுப்பு. அவர் இன்னும் பீரோவைத் திறக்கவில்லை.